குஞ்சுகளின் நடுவே விழுந்த ரப்பர் மீன்

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என் மச்சினனோடு சிலமலைக் கண்மாய்க்கு விரால் பிடிக்கப் போயிருந்தேன். தூண்டிலில் மிதக்கும் ரப்பர் மீனை மாட்டியிருந்தோம். அதைப் பாசிக்கு அப்பால் வீசி, அலை அடங்கும்வரை காத்திருந்து, வால் மட்டும் ஆடும்படி நூலை மெல்லச் சுற்ற வேண்டும். அவனுக்கு ஏது பொறுமை? சரசரவென்று இழுத்தான், ஒன்றும் சிக்கவில்லை.

அப்போது கரையோரத்தில் தண்ணீர் செக்கச்செவேலென்று துள்ளியது. அத்தனையும் விரால் குஞ்சுகள். அடியில் தாய் காவல் நிற்கும்.

"அங்க மட்டும் போடாத மாப்ளே!"

"மீனு புடிக்கத்தான மச்சான் வந்தோம்?" என்று குஞ்சுகளின் நடுவிலேயே விடாமல் வீசினான். கடைசியில் தாய் பாய்ந்து கவ்வியது. அவன் அதைக் கரையில் போட்டுவிட்டு, படம் எடுக்கப் போனைத் தேடினான்.

"அது பசிச்சா கடிச்சுச்சு? பிள்ளையக் காப்பாத்தக் கடிச்சுச்சுடா!" என்று கத்திக்கொண்டே தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டேன்.

"ஒரு மீனுக்காகவா என்னைய இப்படித் திட்டுறீக?" என்றவன், பைக்கை எடுத்துக்கொண்டு போயேபோய்விட்டான்.

வாய் கிழிந்த விரால் ஓடி ஒளியவில்லை. நேராகக் குஞ்சுகளுக்கு அடியில் போய் நின்றது. தூண்டில் கம்பை எடுத்தபோது அதில் தொங்கிய ரப்பர் மீன் தண்ணீரை உரசியது. உடனே தாய் மறுபடியும் பாய்ந்தது.

"அவன்தான் சமாதானத்துக்கு வர்றான்ல, பேசுங்க," என்கிறாள் மனைவி. பேசலாம்தான். கிழிந்த வாயோடு பாய்ந்ததே, அதனிடம் யார் சமாதானம் பேசுவது?