சந்தனம் வைத்த சிப்பு

சேக்காட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் உதயகுமார், தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினான். கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டும் வேலை பாதியில் நின்று திரை கறுத்தது. தண்ணீர் நடுச்சிப்பை மட்டும்தான் குளிர வைத்தது. சுற்றியிருந்த மெமரி சிப்புகள் தோசைக்கல்லாய்க் கொதித்தன. சாயங்காலம் மாங்காட்டு வரவேற்பில் வீடியோ ஓடாவிட்டால் மண்டபக்காரர் இனிமேல் கூப்பிடமாட்டார்.

சிப்புகளின் மேல் ஒட்ட, சூட்டை இழுத்து வெளியேற்றும் குட்டி அலுமினிய ஹீட்சிங்குகளை, அடியில் ஒட்டும் டேப்போடு வாங்கி வந்தான். ஒட்டிக் கார்டை மாட்டியதுமே எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன.

"இன்னாம்மே இது, புது டேப்பு ஒட்டவே மாட்டேங்குது!"

மனைவி விஜி எட்டிப் பார்த்தாள். "யோவ், ஆயுத பூஜைக்கு சிப்பு சிப்பா சந்தனம் வச்சியே, அது மேலயே ஒட்டினியா?"

"சாமிக்கு வச்சத எப்டி தொடைக்கிறது?"

"தொடச்சா சாமி கோச்சிக்கினு போய்டுமா? குடு இப்டி."

ஸ்பிரிட் நனைத்த துணியால் அவளே துடைத்தாள். அவன் வேறு டேப் போட்டு ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டினான். இந்த முறை ஒன்றுகூட அசையவில்லை. வீடியோ பாதியைத் தாண்டியது, முழுசாகவும் முடிந்தது.

விஜி சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியே ஒரு பொட்டு வைத்தாள்.

"சாமி இங்கருந்தே காப்பாத்தட்டும். கெளம்பு, மாங்காட்டுக்கு நேரமாச்சி."