சிரியத்து மாடும் பழுப்பு வானமும்

மூன்றாம் தடவையும் படம் திரும்பி வந்தால் கடைப் பலகை எழுதுவதோடு சரி, இனிச் சித்திரமே வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் இந்த மார்கழியில் ரங்கூனுக்கு அக்கரையிலுள்ள சிரியம் போனேன். ரங்கூன் கண்காட்சிக்கு இரண்டு வருஷம் படம் அனுப்பினேன்; இரண்டு தடவையும் "பழைய படத்தின் நகல்" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. பொய்யில்லை. ஆற்றங்கரைத் தெருவில் ஒரு கம்பெனிக் கூடத்தில் டச்சுப் படமொன்று தொங்குகிறது. தாழ்ந்த கரை, நாலு பசு, முக்கால்வாசி வானம். பலகை எழுதப் போன இடத்தில் பார்த்து, ஆறு வருஷமாக அதையே குருவாக வைத்துப் பழகியவன் நான்.

இந்தத் தடவை உயிருள்ள மாட்டைப் பார்த்தே எழுதுவோம் என்று கிளம்பினேன். காலை ஆறரைக்கு லாஞ்சு, கட்டணம் நாலணா. ஒரு மணி நேரப் பயணம் என்றார்கள். வற்றத்தில் ஆற்றுநீர் இறங்கிச் சேறு தட்டி ஒன்றரை மணி ஆயிற்று. துறையிலிருந்து இரண்டு மைல் நடை. கித்தானும் வண்ணப்பெட்டியுமாக, அப்பப்பா, தோள் கழன்றுவிட்டது! எண்ணெய் ஆலைப் புகைபோக்கிகளைத் தாண்டினால் வெட்டவெளிப் புல்தரை. அங்கே பதினைந்து மாடு வைத்திருக்கும் பால்காரர் மாரிமுத்து, கேட்டதும் தங்க இடம் கொடுத்தார்.

மூன்று நாள் கொசுக்கடியில் எழுதினேன். மாடு நன்றாகவே வந்தது. வெள்ளிக்கிழமை காலை, டச்சுக் களை வரவேண்டுமே என்று வானத்தின் மேல் வழக்கம்போல் பழுப்பைப் பூசினேன். மாரிமுத்து பால் செம்போடு வந்து நின்றார்.

"மானம் ஏன்யா இப்பிடிக் கெடக்கு?"

"டச்சுப் படத்துல அப்படித்தான் இருக்கும்."

"கொசுவுக்கு மூட்டம் போட்டுப் போட்டு எங்க தொழுவத்துக் கூரை இந்த நெறத்துல ஆயிருச்சு. கூரைதான்யா ஆகும். மானம் எப்பிடி ஆகும்?"

எனக்குச் சுருக்கென்றது. அப்போதே மூட்டை கட்டினேன்.

மாலை நேரே அந்தக் கம்பெனிக் கூடத்துக்குப் போனேன். காவற்காரர் கோ டின் எனக்குப் பழக்கம். அவரைக் கெஞ்சிப் படத்தை இறக்கிச் சட்டத்தைக் கழற்ற வைத்தேன். சட்டம் மறைத்திருந்த ஓரத்தில், விரல் அகலத்துக்கு வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. மற்றதெல்லாம் பழைய வார்னிஷும் சுருட்டுப் புகையும். ஆறு வருஷம் அழுக்கைப் பார்த்தா வித்தை கற்றேன்! அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து டர்பன்டைன் துணியால் பழுப்பைத் துடைத்தேன். ஒரு பசுவின் முதுகும் கூடவே போயிற்று. அதைத் திரும்ப எழுதினேன். கண்காட்சியின் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக் கெடுவுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ஈரப் படத்தைக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்கள். மாட்டியது மாடிப்படி இருட்டில்தான். போகட்டும், திரும்பி வரவில்லை.

சிரியம் போகிறவர்கள் லாஞ்சு நேரத்தோடு ஆற்றின் ஏற்றவற்றத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கொசுவலை அவசியம். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் நிழலே கிடையாது. பழுப்பு வண்ணத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கண்காட்சியின் கடைசி நாள், மாரிமுத்து லாஞ்சேறி வந்து வெகுநேரம் பார்த்தார்.

"மானம் சரியாயிருச்சு. மடிதான்யா சின்னது. இது அரைப்படிகூடக் கறக்காது."

"அடுத்த வருஷப் படத்துல சரிபண்ணிடறேன்" என்றேன்.