வெள்ளிக் குழந்தை

பிறக்கும்போதே எனக்கு மலம் போகும் வழி இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே டாக்டர்கள் அறுத்து ஒரு வழி வைத்தார்கள். அது சரியாக அமையவில்லை. எனக்குத் தெரியாமலே கசிந்துவிடும். ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாரமே டீச்சரம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதனால்தான் ஆறு வயதில் மறுபடி ஆபரேஷன்.

என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது அம்மா மாரியம்மனை வேண்டிக்கொண்டாள். "தாயே, புள்ளைக்குச் சரியாப் போச்சுன்னா அந்த இடத்தையே வெள்ளியில சாத்துறேன்." கண் நோவுக்குக் கண், கால் நோவுக்குக் கால் என்று வெள்ளித் தகடு சாத்துவது எங்கள் வழக்கம். எந்த இடம் என்று பாவம், அவள் யோசிக்கவில்லை.

புண் ஆறியது. "இனி அவனுக்கே உணர்வு வந்து அவனே சொல்லணும். அப்புறம் ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்றார் டாக்டர். வாரங்கள் போயின, நான் சொல்லவில்லை. சரியான பிறகு சாத்தலாம் என்று அப்பா பொறுக்கச் சொன்னார்.

"மொதல்ல நாம சாத்திடுவோம், மிச்சத்தை அவ பாத்துக்குவா" என்று அம்மா என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளித் தகடு விற்கும் கடைக்குப் போனாள்.

கண், காது, கை, வயிறு எல்லாம் இருந்தன. "எந்த உறுப்பும்மா?" என்றார் கடைக்காரர். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பின்பக்கம்யா!" என்றார் மாமா, கடையே திரும்பிப் பார்க்கும்படி.

"அய்யய்யோ, அதை எந்தப் பூசாரி வாங்குவாரு?" சிரித்துக்கொண்டே கடைக்காரர் ஒரு முழுக் குழந்தை உருவத்தை எடுத்தார். "புள்ளையையே குடுத்துடும்மா. தாயி திருப்பிப் பாத்துக்குவா."

கோயிலில் அம்மா அதைத் தட்டில் குப்புற வைத்தாள். பூசாரி நிமிர்த்தினார். அவள் மறுபடி குப்புறப் போட்டாள்.

"ஏம்மா, புள்ளை அம்மன் மொகத்தைப் பாக்க வேணாமா?"

"மொகத்துல ஒண்ணும் கோளாறு இல்லீங்க சாமி."

மாமா தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கற்பூரம் ஏற்றினார்கள். அப்போதுதான் என் அடிவயிற்றில் புதிதாக ஏதோ முட்டியது. அம்மாவின் புடவையை இழுத்தேன்.

"அம்மா, வருது."

அம்மா ஆரத்தியைத் தொட்டுக் கும்பிடக்கூட நிற்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னாலிருந்த கக்கூசுக்கு ஓடினாள். "தள்ளுங்க, தள்ளுங்க, எங்க புள்ளைக்கு வருது!" என்று மாமா முன்னால் ஓட, சாமி புறப்பாட்டுக்கு விலகுவதுபோல் கூட்டம் விலகியது. டவுசரில் ஒரு பொட்டுப் படவில்லை.

வெளியே வந்தால் அம்மா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குக்கூட அழாதவள். கற்பூரம் எரியும்போதே அம்மனை விட்டு ஓடிவர வைத்துவிட்டேனே, அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாதம்மா, அடுத்த தடவை பூசை முடியிற வரைக்கும் அடக்கிக்கிறேன்" என்றேன்.

அதைக் கேட்டதும் அவள் ஏன் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள், அழுதுகொண்டே ஏன் சிரித்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.