சீஷம் பிடி போட்ட கத்தி

என் வீட்டுக்காரர் பூவராகவன் நல்ல மனிதர்தான். ஆனால் உலகத்தில் வேறு யாரும் நல்லவர் இல்லை என்பது அவருடைய கட்சி. அரை கிலோ கத்தரிக்காய் வாங்கினால் வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பார். சலவைக்குப் போகும் சட்டைகளின் காலருக்குள் சிவப்பு நூலால் ஒரு தையல் போடச் சொல்வார். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். இவர் தேங்காய்த் துருவியிலும் பூரிக்கட்டையிலும்கூட வெட்டி வைத்தார். பூரிக்கட்டையை யார் கொண்டுபோகப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "கொண்டுபோற வரைக்கும் எல்லாரும் யோக்கியந்தான் ராஜம்" என்றார்.

இவரைச் சொல்லியும் குற்றமில்லை. டெல்லியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவு. மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் அடையாளம் போடுவதும், வருஷா வருஷம் அவை இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதும்தான் வேலை. இருபது வருஷம் அதையே செய்த மனுஷனுக்குள் வேறென்ன ஊறும்?

அந்த மடக்குக் கத்தி என் மாமனாருடையது. சர்வே இலாகாவில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்த அவருக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் கொடுத்தது. மாமனார் போனபின் பாகம் பிரித்தபோது, அண்ணன்கள் நல்லதையெல்லாம் முன்பே ஒதுக்கிவிட்டார்கள் என்று இவருக்குச் சந்தேகம். கோபத்தில் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். கொம்புப் பிடி வெடித்து, அலகில் துரு ஏறி, திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. ஆனாலும் அப்பாவின் கையிலிருந்து வந்தது என்று இவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எழுபத்தாறாம் வருஷம் ஜனவரி. எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த கிட்வாய் நகரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாரும் புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டு ஆரஞ்சு உரிப்போம். இவர் கத்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு ஜோதிலிங்கம் வந்தார். பக்கத்து பிளாக்கில் குடியிருந்தவர், வேலூர்ப் பக்கம். அரசாங்கப் பட்டறை ஒன்றில் தச்சர்.

"குடுங்கண்ணே. துருவ எடுத்துட்டு, புதுசா மரப்பிடி போட்டுத் தரேன். என்கிட்ட நல்ல சீஷம் கட்டை கிடக்குது, நம்மூர் ஈட்டி மரம் மாதிரி."

"என் கண் முன்னாலேயே செய்யேன்" என்றார் இவர்.

"நாலு நாள் வேலைண்ணே. ஆபீசுக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருப்பீங்களா?" என்று சிரித்தார் ஜோதிலிங்கம்.

கொடுப்பதற்கு முன்னால் இவர் வீட்டுக்குள் வந்தார். ஆணியையும் சுத்தியலையும் எடுத்து, அலகின் அடிப்பக்கம், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி குத்தினார். "இங்கிலாந்து எஃகு. மாத்திட்டான்னா?" என்றார்.

இரண்டாம் நாளே இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதையோ சாக்கு வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தார். ஜோதிலிங்கம் பித்தளை ஆணிகளை அரத்தால் ராவி எடுத்து, கத்தியைப் பிரித்து, அலகை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சீஷம் கட்டையை இழுத்து, அதிலிருந்து இரண்டு சில்லு அறுத்துக்கொண்டிருந்தாராம். இன்னும் நிறையக் கட்டை உள்ளே கிடந்ததாம். இவ்வளவு சீஷம் ஒரு தச்சனிடம் எப்படி வந்தது என்று அன்று முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் கத்தி வந்தது. கருஞ்சிவப்பில் ரேகை ஓடும் பிடி, எண்ணெய் பூசி வழவழவென்று இருந்தது. அலகில் முகம் பார்க்கலாம். திறந்தால் 'டக்'கென்று நின்றது. இவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். அங்கிருந்து கூப்பிட்ட குரலே சரியில்லை.

இரண்டு புள்ளியையும் காணோம்.

நானும் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது வேறு கத்தி மாதிரித்தான் தெரிந்தது. "போய்க் கேளுங்களேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரில் கேட்பது அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு வருவதும் இல்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் டைப்ரைட்டரில் இவர் இங்கிலீஷில் ஒரு மொட்டைக் கடுதாசி அடித்தார். கத்தியைப் பற்றி எழுதினால் எழுதியது யார் என்று தெரிந்துவிடும். அதனால், இன்ன பட்டறைத் தச்சர் ஜோதிலிங்கம் அரசாங்க மரத்தை வீட்டுக்குக் கடத்துகிறார், கட்டிலுக்கு அடியில் பார்த்தால் தெரியும் என்று பட்டறை அதிகாரிக்கு எழுதி, தபாலில் போட்டுவிட்டு வந்து என்னிடமும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு சப்பாத்தி இட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அது எமர்ஜென்சி சமயம். ஒரு கடுதாசியில் வேலை போய்க் குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்களை எங்களுக்கே தெரியும்.

பத்து நாள் கழித்து ஜோதிலிங்கம் எங்கள் வாசலில் நின்றார். கையில் மெமோ. முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. எவனோ எழுதுன கடுதாசிய காப்பி எடுத்து இதோட வெச்சிருக்காங்க. அவன் என்ன எழுதியிருக்கான்னு தமிழ்ல சொல்லுங்க. ஏழு நாள்ல பதில் குடுக்கலைன்னா சஸ்பெண்டாம்."

தான் எழுதியதைத் தானே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று இவருக்கு. ஒவ்வொரு வரியாகச் சொன்னார். குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"கட்டிலுக்கு அடியில இருக்கிறது அவனுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றார் ஜோதிலிங்கம்.

இவர் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கட்டைங்க எங்க பழைய கட்டிலுண்ணே. போன வருஷம் உடைஞ்சிடுச்சு. காலுங்க நல்ல சீஷம், தூக்கிப் போட மனசில்ல. ஒரு கால்லதான் உங்க பிடிய அறுத்தேன்." பிறகு, இவ்வளவு கவலைக்கு நடுவிலும் தொழில்காரர் புத்தி போகாமல், "கத்தி எப்படிண்ணே இருக்குது? எந்தப் படுபாவியோ அலகுல ஆணியால ரெண்டு குத்து குத்தி வெச்சிருந்தான். அவ்வளவு நல்ல எஃகுல! உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு அதை எடுக்கவே எனக்கு ஒரு முழு நாள் ஆச்சு" என்றார்.

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து இவர் பதில் எழுதினார். அப்படி ஒரு இங்கிலீஷை இவர் தன் பிரமோஷனுக்குக்கூட எழுதியதில்லை. கட்டில் உடைந்தது, கால்கள் மிச்சமிருப்பது எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, அந்த மரத்தில் செய்த பிடி தன் கத்தியில் இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று சாட்சியாகத் தன் முழுப் பெயர், பதவி, வீட்டு எண் போட்டுக் கையெழுத்தும் வைத்தார். விசாரணை அதிகாரி வந்தார். கத்தியைக் கட்டில் கால் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரேகையும் நிறமும் ஒன்றாக இருந்தன. மெமோவை ரத்து செய்தார்கள்.

அதற்கப்புறம் ஜோதிலிங்கம் போகிற இடமெல்லாம், பூவராகவன் அண்ணன் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது என்று சொல்லத் தொடங்கினார். கல்யாண வீட்டில், முருகன் கோவிலில், பஸ் ஸ்டாப்பில்கூட. அவர் ஆரம்பித்ததும் இவர் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். "வேணும்னே சொல்றானோ? அவனுக்குத் தெரியுமோ?" என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்பார். எல்லாரையும் சோதித்துப் பார்க்கிற மனுஷருக்கு இந்த ஒன்றைக் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை. மூன்று வருஷம் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

எழுபத்தொன்பதில் ஜோதிலிங்கத்துக்கு ஆவடிக்கு மாற்றலாயிற்று. சாமான்களை முன்பே ரயிலில் அனுப்பிவிட்டு, சொல்லிக்கொண்டு போக வந்தார். கீழே டாக்சி நின்றது. இவர் அதற்குமேல் தாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜோதிலிங்கம், அந்தக் கடுதாசி..."

"தெரியும்ணே. அன்னிக்கு நீங்க படிச்சுச் சொல்லும்போதே தெரியும். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில பாத்தது நீங்க ஒருத்தர்தானே."

"தெரிஞ்சுமா என்கிட்ட பதில் எழுதச் சொன்னே?"

"வேற யாருகிட்டண்ணே போவேன்? நீங்க எழுதின பொய்யவே அந்த ஆபீசர் நம்பிட்டாரு. உண்மைய நீங்க எழுதினா நம்பாம இருப்பாரா?" என்றார் ஜோதிலிங்கம். பிறகு என்னிடம் வரேன் அண்ணி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.