தாய்மாமனுக்கு நான்காவது இடம்

பாக்யலட்சுமி சென்னை விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்பது வேப்பந்தட்டையில் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருந்தது. பக்கத்துத் தெருவில் அவள் விமானம் ஓட்டினாள். பால் சொசைட்டியில் பச்சைக்கொடி காட்டினாள். அவளுடைய அப்பா முருகையனைக் கேட்டால், சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தாமலே, "மேல உக்காந்து பேசுற வேல" என்பார். கொஞ்சம் சரிதான்.

பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்து, தேர்வு எழுதி, அலகாபாத்தில் பயிற்சி முடித்து, முப்பது வயதுக்குள் அவள் ஏறி உட்கார்ந்த இடம் ஓடுபாதையைப் பார்த்த கண்ணாடிக் கோபுரம். இறங்கும் விமானத்துக்கும் கிளம்பும் விமானத்துக்கும் இருப்பது ஒரே ஓடுபாதை. கிளம்பக் காத்திருக்கும் விமானங்களில் யார் முதலில், யார் அடுத்து என்று சொல்வதுதான் அவள் வேலை. முதலில் வந்தவர் முதலில் போவார் என்றால் அதற்கு ஓர் ஆள் எதற்கு?

இந்த வேலையைத் தனக்கு மட்டும் யாரும் விளக்க வேண்டியதில்லை என்று சொன்னவர் அவளுடைய தாய்மாமன் கொளஞ்சியப்பன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருடமாக டைம் கீப்பர். விசிலும் நோட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த பஸ் எப்போது வெளியேற வேண்டும் என்று சொல்பவர். "நான் பஸ்ஸ வுடுறேன், எம் மருமவ பிளேன வுடுது. ரெண்டும் ஒரே டிபார்ட்மெண்டு" என்று டிரைவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

போன வருடம் ஆவணியில் பாக்யலட்சுமிக்கு அரியலூரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை இளவழகன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இன்ஜினியர். நிச்சயத்துக்குப் புடவை எடுக்க அம்மா செல்வம்மாளும் மாமாவும் சென்னைக்கு வந்தார்கள். திரும்பிப் போகும்போது, அம்மா ஒரு தடவையாவது வானத்தில் ஏறிப் பார்க்கட்டும் என்று பாக்யலட்சுமி இருவருக்கும் திருச்சிக்கு விமானத்தில் டிக்கெட் போட்டாள். அன்று காலை அவளுக்கு டூட்டி.

"அப்ப நீதான் எங்கள வுடுவியா?" என்றார் மாமா, கண்கள் விரிய.

"நான் சீட்டுல இருந்தா நான்தான் மாமா."

"சரி சரி. பாத்து வுடு."

அந்த 'பாத்து வுடு'வில் எவ்வளவு இருந்தது என்பது அவளுக்கு அப்போது புரியவில்லை.

காலையில் மேற்பார்வையாளர் சுதர்சனிடம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அந்த அரை மணி நேரம் வேணும்னா நான் உக்காந்துக்கட்டுமா?"

"வேணாம் சார். எல்லா பிளேன்லயும் யாரோட அம்மாவாவது இருக்காங்க."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. திருச்சி விமானம் உருண்டு வந்து ஓடுபாதையின் வாயில் நின்றபோது அவள் கண் அதை விட்டு நகர மறுத்தது. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் சின்ன விமானம். அதன் வட்ட ஜன்னல்களில் ஒன்றுக்குப் பின்னால் அம்மா இருக்கிறாள். எந்த ஜன்னல் என்று தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று நெரிசல். முன்னால் துபாய்க்குப் போகும் பெரிய விமானம். திருச்சிக்குப் பின்னால் வந்து, ஓடுபாதைக்குள் நுழையும் வேறொரு வழியில் நின்றவை இரண்டு: ஒன்று தில்லிக்கு, இன்னொன்று கொழும்புக்கு. இவற்றுக்கு நடுவே கடல் பக்கத்திலிருந்து இறங்க வரும் விமானங்கள். இறங்குபவன் வானத்தில் நிற்க முடியாது, அவனுக்குத்தான் முதல் உரிமை.

பாக்யலட்சுமி தலைக்குள் வரிசையைப் போட்டாள். துபாய் விமானம் முதலில். அது கிளம்பிய இடத்தில் காற்று சுழன்று கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது அடங்க இரண்டு நிமிடமாவது விட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்காமல் ஒரு விமானத்தை இறக்கிவிடலாம். அடுத்து தில்லி. அங்கே கூட்டம் அதிகம் என்பதால் இன்ன நேரத்துக்குள் கிளம்பு என்று அளந்து கொடுத்திருந்தார்கள். அது தப்பினால் இன்னும் முக்கால் மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். மூன்றாவது கொழும்பு. திருச்சியும் கொழும்பும் கிளம்பியதும் ஒரே தெற்கு வழி. மெதுவாகப் போகும் திருச்சி விமானத்தை முன்னால் விட்டால், பின்னால் கிளம்பும் ஜெட் அதன் வாலில் போய் இடிக்காமல் இருக்க ஐந்து நிமிடம் தாமதிக்க வேண்டும். வேகமானவன் முன்னால் போனால் ஒரே நிமிடத்தில் சின்னவனை விட்டுவிடலாம். ஆக, திருச்சி நான்காவது.

முடிவெடுக்க அவளுக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும். வேறு எந்த நாளாக இருந்தாலும் இதே வரிசைதான் என்று தனக்குள் ஒரு தடவை சரிபார்த்தாள். அன்றைக்கு அது மட்டும்தான் அதிகப்படி.

விமானத்துக்குள் நடந்ததை அம்மா பின்னால் சொன்னது இப்படி. துபாய் விமானம் போனது. மாமா வாட்சைப் பார்த்தார். ஒரு விமானம் இறங்கியது. மாமா மறுபடி பார்த்தார். பின்னால் வந்த தில்லி விமானம் ஓடுபாதைக்குள் திரும்பியது. மாமா எழுந்துவிட்டார்.

"சார், உக்காருங்க, பெல்ட் போடுங்க" என்று ஓடி வந்தாள் பணிப்பெண்.

"உக்காந்துக்கறேம்மா. மேல டவர்ல எங்க அக்கா மவ இருக்கு. நாங்க இதுல இருக்கோம்னு அதுக்குத் தெரியல போல. டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. சொன்னா வழி வுட்டுரும்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு. அதை அவள் விமானியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள். விமானியும் அதை ரேடியோவில் சொல்லியிருக்க வேண்டாம். அவருக்கும் அன்று என்ன தோன்றியதோ, எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் வெகு பணிவாகச் சேர்த்தார்: "எங்கள் விமானத்தில் உள்ள ஒரு பயணி, தான் கோபுரத்தின் தாய்மாமன் என்கிறார். முதலாவது இடம் கேட்கிறார்."

அந்த அலைவரிசையில் அப்போது எட்டு விமானங்கள் இருந்தன. எட்டும் கேட்டன.

பாக்யலட்சுமியின் காது சுட்டது. பின்னால் சுதர்சன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவர் குறுக்கிடவில்லை.

"உங்கள் எண் நான்கு" என்றாள், பிசிறில்லாமல். தில்லி, கொழும்பு, நடுவே இறங்க வரும் ஒன்று, பிறகு திருச்சி: துபாய் போன பிறகும் கணக்கு நான்குதான்.

பிறகு கொழும்பு விமானத்திலிருந்து ஒரு கனத்த குரல்: "தாய்மாமனுக்கு எங்கள் இடத்தைத் தரத் தயார்."

அதுதான் கஷ்டமான நொடி. கேட்டது மாமா, கொடுப்பது கொழும்பு, யாருக்கும் மனக்குறை இல்லை. 'சரி' என்று ஒரு சொல் போதும். ஆனால் கொழும்புக்கு ஐந்து நிமிடம் போனால் இதற்குள் அதன் பின்னால் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்து நிற்பவர்களுக்கும் போகும். அவர்கள் எதையும் தரத் தயார் என்று சொல்லவில்லை. தவிர, நாளைக்கு அவள் ஒரு வரிசை சொன்னால், இன்றைக்கு யாருக்கு மாமா வந்திருக்கிறாரோ என்று எட்டுப் பேரும் யோசிப்பார்கள்.

"இல்லை. வரிசையில் மாற்றம் இல்லை" என்றாள்.

தில்லி போனது. கொழும்பு போனது. இன்னொன்று இறங்கியது. அதன் பிறகு திருச்சி விமானத்தை ஓடுபாதையில் ஏற்றினாள். காற்றின் திசையும் வேகமும் சொல்லி, கிளம்ப அனுமதி கொடுத்தாள். சின்ன விமானம் ஓடி, எழும்பி, தெற்கே சாய்ந்தது. அது மேகத்துக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. இறங்க வருபவன் நான்கு மைலில் இருந்தான்.

டூட்டி முடிந்து லாக்கரிலிருந்து செல்போனை எடுத்தபோது மாமாவிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள். ஏழும் விமானம் கிளம்புவதற்கு முன்னால் வந்தவை. இறங்கிய பிறகு ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் முழுக்க ஏதாவது ஒரு விமானி, "இன்றைக்கு மாமா யாரும் இல்லையே?" என்று கேட்டார். சுதர்சன் நடந்ததைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு, "நல்லா பண்ணினே" என்று சொன்னதோடு சரி. ஊரில் நிலைமை வேறு. மாமா பேசவில்லை. போன் எடுக்கவில்லை. நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்: "தாய்மாமன நாலாவது ஆளா வச்ச வூட்டுக்கு, சனம் எல்லாம் போனப்பறம் நாலாவது பந்திக்கு வரேன்."

அம்மா அழுதாள். தாய்மாமன் வந்து சந்தனம் வைக்காமல் நிச்சயமா? பாக்யலட்சுமி இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள். நேராகப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். மாமா டைம் ஆபீஸ் வாசலில் விசிலோடு நின்றார். அவளைப் பார்த்ததும் அரியலூர் பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் படிக்க ஆரம்பித்தார்.

வழி நெடுக அவள் விளக்கத்தைத் தயார் செய்து வந்திருந்தாள். "மாமா, பெரிய பிளேன் போனா பின்னால காத்து சுத்தும். அதுவுமில்லாம உங்க பிளேன் மெதுவா போறது. அத முன்னாடி வுட்டா..."

"பின்னால வரவன் பூரா உருட்டிக்கிட்டே வரணும். எனக்குப் பாடம் நடத்துறியா?" மாமா திரும்பினார். "ஒரே ரோட்டுல வேப்பந்தட்டை டவுன் பஸ்ஸ முன்னால வுட்டுட்டு ஆத்தூர் எக்ஸ்பிரஸ்ஸ பின்னால வுடுவனா நான்? டிரைவர் என்னை அடிக்க வருவான். கொழும்பு வண்டிய முன்னால வுட்டது ரொம்பச் சரி. தில்லி வண்டியும் ஏதோ டைமிங்குல நிக்குதுன்னு பின்னால தெரிஞ்சிது."

"தெரிஞ்சிதா? அப்பறம் எதுக்கு எந்திரிச்சீங்க?"

"மொதல்ல அவசரத்துல எந்திரிச்சிட்டேன். அது என் தப்பு. உக்காந்து யோசிச்சேன், வெளங்கிருச்சு."

"பின்ன கோவம் எதுக்கு?"

மாமா விசிலைச் சட்டைப் பையில் போட்டார். குரல் இறங்கியது. "அந்த பைலட்டு திருச்சியில எறங்கினதும் எல்லாத்தையும் எங்கிட்டயே சொன்னாரு, நீ என்ன பதில் சொன்னேன்னு. நாலாம் நம்பருன்னு சொன்ன. சரி. அவ்வளவு பேரு கேட்டுக்கிட்டு இருந்தாங்கல்ல? 'நாலாம் நம்பரு, மாமா'ன்னு ஒரு வார்த்த சேத்தா ஓடுபாத தேஞ்சா போயிரும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அது ரெக்கார்டு ஆவுது மாமா. சொந்தப் பேச்சு பேசக்கூடாது."

"ரெக்கார்டு ஆவுதா?"

"ஒவ்வொரு வார்த்தையும்."

"அந்த பைலட்டு நான் தாய்மாமன்னு சொன்னாரே, அதுவும் அதுல இருக்கா?"

"இருக்கும்."

"கவர்மெண்டு ரெக்கார்டுல?"

"ஆமா மாமா. நீங்க மொதல் எடம் கேட்டது, நான் இல்லன்னது, எல்லாம்."

மாமா கொஞ்ச நேரம் அரியலூர் பஸ்ஸைப் பார்த்தார். அது கிளம்பும் நேரம் தாண்டி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவர் வாழ்க்கையில் இப்படி நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, போவட்டுமா?" என்றார்.

"போவலாம், போவலாம். இது எங்க அக்கா மவ. சொல்லியிருக்கேன்ல. தாய்மாமனா இருந்தாலும் ரூல் ரூல்தான்னு சொன்ன புள்ள. ரெக்கார்டே இருக்கு."

நிச்சயம் அரியலூரில், மாப்பிள்ளை வீட்டு மண்டபத்தில் நடந்தது. மாமா விடியும் முன்னமே வந்து, தட்டு வரிசை எந்த வாசல் வழியாக எந்த நேரத்தில் உள்ளே போக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். சந்தனம் வைக்கும் முன் அவர் ஒரு தடவை வாட்சைப் பார்த்துக்கொண்டதைப் பாக்யலட்சுமி மட்டும் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் பெரிய இடத்துத் தோரணை. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தபோது, "எங்க ஊரப் பாத்திருக்கீங்களா, இதுதான் மொதல் தடவையா?" என்று செல்வம்மாளைக் கேட்டார்.

"மேலருந்து பாத்தேங்க" என்றாள் செல்வம்மாள். "பிளேன்ல திருச்சி போறப்ப. ஒங்க ஊரு பூரா வெள்ள வெள்ளயா பள்ளந்தான் கெடக்குது. யாருங்க அதத் தோண்டிப் போட்டது?"

பாக்யலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான் அத்தை" என்றான் இளவழகன்.

முதலில் சிரித்தது அவனுடைய அம்மாதான்.