ரெண்டாம் பாகத்தில் ஊதிய சைரன்

டைப்ரைட்டர் உறையை எடுத்து உதறினால் ஒரு கைப்பிடி சாம்பல் பறக்கும். சிமென்ட் தூசி. நாக்கில் கரகரக்கும். அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் கம்பெனி ஆபீஸில் நான் டைப்பிஸ்டாக இருந்த காலம்... எண்பதுகளின் ஆரம்பம்.

விடியுமுன் எழுந்து தண்ணீர் தூக்கி, சோறு வடித்து, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். அந்த அலுப்பில்தான் முதல் நாடகத்தை எழுதினேன். வீட்டு வேலை எல்லாம் செய்யும் ஒரு மெஷினை ஒரு கணவர் கண்டுபிடிக்கிறார். கம்பெனி ஆண்டு விழாவில் போட்டார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் மைக்கில், "எழுதியவர் நமது வெல்ஃபேர் ஆபீசர்" என்றார்கள். அவரும் எழுந்து கும்பிட்டார்.

நான் மேடைக்குப் பின்னால் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அவரே வந்தார். "வசந்தா, அதுக்கு ரெண்டாம் பாகம் ஒண்ணு டைப் அடிச்சுக் குடும்மா." எழுதுவதை அவர் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை.

இந்த முறை மெஷின் கெட்டுப்போகிறது. வேலை செய்வதை விட்டுவிட்டு வேலை வாங்க ஆரம்பிக்கிறது. கணவர் மாவாட்டுகிறார், மாமியார் தண்ணீர் சேந்துகிறார், மனைவி மட்டும் உட்கார்ந்து காபி குடிக்கிறாள்.

தாளைக் கொடுக்கும்போது கேட்டே விட்டேன். "சார்... இந்தத் தடவ என் பேரைச் சொல்வீங்களா? அப்பா வருவாரு."

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அதே கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைப்பவர். கையெழுத்து இல்லை, கைநாட்டுதான்.

"பாக்கலாம்மா" என்றார் ஆபீசர்.

ஒரு வருஷத்துக்கான தைரியம் அதிலேயே தீர்ந்துபோனது. அதனால்தான் ஒத்திகையில் வாய் திறக்கவில்லை. கிரீஸ் டிரம் ஒன்றில் வெள்ளித்தாள் ஒட்டி, சீரியல் பல்பு சுற்றி, அதுதான் மெஷின். உள்ளே உட்கார்ந்து குரல் கொடுத்தவர் ஃபிட்டர் செல்வராசு அண்ணன். மெஷின் கெடும்போது பெரிய சத்தம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவர் சுரங்கத்திலிருந்து கையால் சுற்றும் சைரனையே கொண்டுவந்துவிட்டார். பாறைக்கு வெடி வைக்குமுன் ஊதுவார்களே, அது. ஊதினால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவிடணும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அந்தச் சைரன் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை.

விழா அன்று சாயங்காலம். முன்னால் நாற்காலியில் ஆபீசர் குடும்பங்கள், பின்னால் தரையில் சுரங்கத்து ஆட்கள். செல்வராசு அண்ணன் சைரனைச் சுற்றினார்.

முன்வரிசை சிரித்தது. பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், கேட்டைப் பார்த்து ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து நாற்காலிக்காரர்களும் ஓடினார்கள். டிரம்முக்குள் இருந்தவருக்கு எதுவும் தெரியாது. சுற்றிக்கொண்டே இருந்தார்.

"யோவ், நிப்பாட்டுய்யா! நாடகம்யா! உக்காருங்கய்யா!" வெல்ஃபேர் ஆபீசர் கத்தினார்.

ஒவ்வொருவராக அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

"நீ ஏன்டா ஓடுன?"

"நீ ஓடுன, நான் ஓடுனேன்."

"கட்டுன பொண்டாட்டிய வுட்டுட்டு ஓடுனியே, அதச் சொல்லு!"

பெரிய மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் ஆபீசர் மைக்கைப் பிடித்தார்.

"இது நான் எழுதினது இல்லீங்க. ஆபீஸ் டைப்பிஸ்ட் வசந்தா, பி.ஏ. முழுக்க முழுக்க அந்தப் பொண்ணு எழுதினது."

படுதாவை ஓரமாக விலக்கிப் பார்த்தேன். பந்தலில் எல்லாரும் பெரிய மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. ஒரே ஒருவர். மூச்சிரைக்க, தோளிலிருந்து துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல், அப்பா தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் தட்டினார்கள்...

பஸ்ஸுக்கு நடக்கும்போது, "பி.ஏ.ன்னு சேத்தே சொன்னாரு பாப்பா" என்றார். அது என்மேல் போட்ட பழி என்று கடைசிவரை அவரிடம் நான் சொல்லவில்லை.

நான் ரிட்டயர் ஆகியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் எந்த மைக்கிலாவது என் பெயர் வந்தால், பாராட்டா பழியா என்று முதலில் சுற்றியிருப்பவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். அலுப்பான பழக்கம்.

அப்பா அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டார், தட்டினார்.