கூடப் பிறந்த காளை

அன்றைக்கு மாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நான் கெஞ்சிக் கூட்டிவந்த கம்பவுண்டர். தாராவியில் இடுப்பளவு தண்ணீர். அக்கம்பக்கத்தில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. ஐந்தாவதாக யாராவது எட்டிப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

பசு இரட்டை போட்டது. முதலில் கிடாரி, பிறகு காளைக்கன்று. என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். கம்பவுண்டர் மட்டும் கையைக் கழுவிக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் என்பதால், கயிற்றுத் துண்டு இரண்டை ஒன்றோடொன்று முறுக்கிக் காட்டித்தான் விளக்கினார்.

"வயித்துக்குள்ள ரெண்டுக்கும் ரத்தக்குழா இப்படிச் சேந்துகிடும் வே. காளைக்கன்னுக்கு ஊறுத ஆண் சத்து இவ ஒடம்புலயும் ஓடிரும். கருப்பை உருவாவுத நேரத்துல அது உருவாவ விடாது. பாக்கப் பசுதான், ஆனா பெரும்பாலும் சினை பிடிக்காது."

எல்லாக் கிடாரியும் அப்படி ஆவதில்லை, ஒன்றிரண்டு தப்பும் என்றும் சொன்னார். ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால், டாக்டர் கண்ணாடிக் குழாய் விட்டு, உள்ளே வழி எவ்வளவு நீளம் என்று பார்த்து, சினை பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்லிவிடுவார்.

காளைக்கன்று மூன்றாம் நாளே செத்தது. மழை விட்டு ஜனங்கள் வெளியே வந்தபோது எங்கள் பசுவிடம் ஒரு கன்றுதான் நின்றது.

நான் எதற்கும் பயப்படுகிறவன். பால் பொங்கினால்கூட வீடு எரிந்துவிடுமோ என்று நினைப்பேன். அந்த ஒரு மாதமும் தூக்கமில்லை. ஆனாலும் கன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. டாக்டர் சொல்லிவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் விற்கும்போது சொல்ல வேண்டும். சொல்லாமலிருக்க வேண்டுமென்றால் தெரியாமலிருப்பதே நல்லது என்று நினைத்தேன். பயந்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

பத்து மாதத்தில் மாஹிமிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் இறந்தபின் வீட்டுவாசலில் இட்லி விற்றுப் பிழைப்பவள். ஒரு கறவை மாடு இருந்தால் மாட்டுங்கா வீடுகளுக்குப் பால் ஊற்றி நிமிர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். தாய்ப்பசு எவ்வளவு கறக்கும், உதைக்குமா, என்ன தீவனம் என்று கேட்டாள். கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். கூடப் பிறந்தது உண்டா என்று அவள் கேட்கவில்லை. கால் தண்டையை விற்று நூற்றிருபது ரூபாய் எண்ணி வைத்தாள்.

அவள் கன்றை ஓட்டிக்கொண்டு போனதும் என் மனைவி சொன்னாள்: "அவ கேக்கலன்னு எங்கிட்டச் சொல்லாதிய. கேக்கத் தெரியாதவகிட்டதானே வித்திய."

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த இட்லிக்காரி மாட்டுக்குத் தீனி போட்டாள். கிங்ஸ் சர்க்கிள் காய்கறிக் கடைகளில் தழை பொறுக்கினாள். வீட்டுக்கு வீடு கழுநீர் வாங்கினாள். மாடு ஒருநாளும் பருவத்துக்கு வரவில்லை. கழுத்து தடித்தது, நெற்றி அகன்றது, குரல்கூடக் கனத்தது. "மாடு வாங்கப் போயி மாப்பிள்ளைய ஓட்டிட்டு வந்துட்டா" என்று சந்தில் கேலி பேசினார்கள். போகப் போகக் கேலியும் நின்றது. வேறு பேச்சு வந்தது: அவள் கைபட்டது விளங்காது. அதை அவளும் நம்பிவிட்டாள். நான் பால் ஊற்றப் போகும் வழியில் பார்த்தபோது, "எல்லாம் என் ராசி அண்ணாச்சி, உங்க கன்னு மேல குத்தமில்ல" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நான் பால் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

பிறகு அவள் மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலில் மாட்டை நிறுத்தினாள். பக்கத்தில் புல்கட்டு. கும்பிட வருகிறவர்கள் பத்துப் பைசா கொடுத்து ஒரு கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நானும் போய் நின்றேன். என்னிடம் மட்டும் காசு வாங்க மாட்டாள். உங்கள் மாட்டுக்கு உங்களிடமே காசு வாங்குவதா என்பாள். அவள் சும்மா கொடுத்த புல்லை அதற்கு ஊட்டிவிட்டு வருவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வயிற்றுப்பிள்ளையோடு ஒரு சின்னப் பெண் வந்து காசை நீட்டினாள். இவள் புல்கட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் கையால வாங்காத தாயி. கீழ கெடக்கு பாரு, நீயே எடுத்துக்க."

அந்தப் பெண் போகும்வரை பொறுத்திருந்தேன். அப்புறம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னேன். மழை, இரண்டு கன்று, கம்பவுண்டர் முறுக்கிய கயிறு, நான் போகாத ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும். தாய் வயிற்றிலேயே முடிந்துபோன காரியம் இது, நீ தொடுவதற்குப் பத்து மாதம் முந்தியே எனக்குத் தெரிந்தது என்றேன். செருப்பை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் வெகுநேரம் மாட்டின் தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் கை இல்லையா அண்ணாச்சி?"

இல்லை என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு புல்கட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பத்துப் பைசா" என்றாள்.

கொடுத்தேன். வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். மாட்டின் விலையையும் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று சொல்லவில்லை. மாதம் பத்து ரூபாய் வீதம் ஏழு மாதம் கொடுத்தேன். எட்டாம் மாதம் போனபோது அந்த இடத்தில் வேறொருத்தி வேறொரு பசுவோடு உட்கார்ந்திருந்தாள். முன்பிருந்தவள் மாட்டை ஒரு சேட்டிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாளாம். எந்த ஊர் என்று இவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நானும் கேட்டுவைக்கவில்லை.

பாக்கி ஐம்பது ரூபாய்.